கரியில் மிஞ்சியவை: வாட்ஸ் எழுச்சியின் எரிந்த பொருள்களும் நமது நினைவும்



நினைவுச் சொற்பொழிவுகளில் நாம் வழக்கமாக நூல்களைப் பற்றியும் போராட்டங்களைப் பற்றியும் பேசுகிறோம். இந்த ஆண்டு பொருள்களைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம். உடைந்த பாத்திரம், கருகிய மரம், உருகிய கண்ணாடி, இறந்தவர் விட்டுச் சென்ற கைப்பெட்டி என்று பிறர் குப்பை எனத் தள்ளிவிடும் ஓட்டை உடைசல்களைக் கொண்டு ஒரு மக்கள் கூட்டம் தன் இழப்பை நினைவில் நிறுத்திய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், வாட்ஸ் என்னும் கறுப்பர் பகுதியில் 1965-க்குப் பிறகு நடந்த வரலாறு அது. அதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிட்டு, அதிலிருந்து நமக்கு எழும் கேள்விகளுக்கு வருகிறோம்.

1. உடைந்த பாத்திரத்தின் சட்டம்

கழிவுப் பொருளிலிருந்து கலை என்று சொன்னவுடன் மற்றவர்களுக்குப் புதுமை தோன்றலாம். நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மனுஸ்மிருதி. அதன் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு என்னென்ன உடைமை என்று வரையறுக்கிறது. குடியிருப்பு ஊருக்கு வெளியே. உடை, பிணத்தின் மீது கிடந்த துணி. உண்பது உடைந்த கலத்தில். அணிவது இரும்பு நகை. செல்வம் என்றால் நாயும் கழுதையும். பிறர் கழித்துப் போட்டதே இவர்களின் உடைமை என்பதை ஒரு சமூகம் சட்டமாகவே எழுதி வைத்தது. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எரிக்கப்பட்டது இந்த நூல்தான்.

1948-இல் வெளிவந்த 'தீண்டப்படாதார் யார்?' என்னும் ஆய்வில், தீண்டப்படாதாரின் மூதாதையரைச் சிதறடிக்கப்பட்ட மக்கள் என்றே அம்பேத்கர் குறிப்பிடுகிறார். தலித் என்ற சொல்லுக்கும் உடைக்கப்பட்டவர், நொறுக்கப்பட்டவர் என்பதே பொருள். பொருளும் உடைந்தது, அதை வைத்திருந்தவரும் உடைக்கப்பட்டவர் என்பது நமக்கு உவமை இல்லை. நம் வாழ்க்கை நிலைமை.

ஆகவே குப்பைக்கும் நமக்குமான உறவு வெறும் அழகியல் பிரச்சினை ஆகாது. யார் கழிப்பது, யார் அள்ளுவது, யார் அதிலேயே வாழ்வது என்பதைச் சாதி தீர்மானித்திருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்ய 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் ஒரு சட்டமும் வந்தன. கழிவுநீர்க் குழிக்குள் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகைதான் உயர்ந்திருக்கிறது. குழிக்குள் இறங்குபவர் யார் என்பது மாறவில்லை. இந்த நிலையில் கழிவைக் கலையாக்குவதை நாம் எப்படிப் பார்ப்பது? கழிவு திணிக்கப்பட்ட மக்கள் அதே கழிவைக் கையில் எடுத்துத் தம் வரலாற்றைச் சொல்ல முடியுமா? வாட்ஸ் கலைஞர்கள் இந்தக் கேள்வியைத் தம் கைகளால் எதிர்கொண்டார்கள்.

2. வாட்ஸ் எரிந்தது ஏன்?

தென் மாநிலங்களின் நிறவெறியிலிருந்து தப்பி, வேலை தேடி, பல லட்சம் கறுப்பின மக்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வடக்கும் மேற்கும் போனார்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலும் அவர்களுக்கு ஒரு சேரி காத்திருந்தது. வெள்ளையர் அல்லாதவருக்கு இந்த வீட்டை விற்கக் கூடாது என்ற நிபந்தனை வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் நடைமுறை நீடித்தது. 1963-இல் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, 1964 நவம்பரில், அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கும் பதினான்காம் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையோடு வென்றது. 'எங்கள் தெருவுக்கு நீங்கள் வரக் கூடாது' என்று ஒரு மாநிலமே வாக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தது போலத்தான் அது. 1967-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்வதற்குள் வாட்ஸ் எரிந்துவிட்டது.

1965 ஆகஸ்ட் 11 மாலை நெடுஞ்சாலைக் காவலர்கள் ஒரு கறுப்பின இளைஞரின் காரை நிறுத்தினார்கள். அந்தக் கைதில் தொடங்கிய மோதல் ஆறு நாள் நீடித்தது. 34 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஏறக்குறைய 4,000 பேர் கைதானார்கள். சுமார் 14,000 தேசியக் காவல் படையினர் இறக்கப்பட்டார்கள். சொத்துச் சேதம் 4 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். கடைகள் வரிசையாக எரிந்த 103-ஆம் தெருவுக்குக் 'கரிச் சந்து' என்றே பெயர் வந்தது.

அரசு இதைக் கலவரம் என்றது. கறுப்பின மக்களில் பலர் எழுச்சி என்றார்கள். எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பது சிறிய விஷயமில்லை என்பதை நாம் அறிவோம். சேரியைத் தாக்கியதை 'இரு தரப்பினர் மோதல்' என்று எழுதும் நாளிதழ்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதே சமயம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாட்ஸில் எரிந்தவற்றில் பெரும்பகுதி, அந்த மக்களுக்குக் கடனுக்கு விற்று அவர்களைச் சுரண்டியதாகக் கருதப்பட்ட கடைகள். தீ வைத்தவர்கள் கோபம் கொண்ட மக்கள். நம் சேரிகளில் எரிந்தவை நம் குடிசைகள். தீ வைத்தவர்கள் சாதி இந்துக்கள். இரண்டு தீயும் ஒன்றல்ல. தீக்குப் பிறகு மிஞ்சிய சாம்பலைப் பற்றியே இங்கு நாம் ஒப்பிட்டுப் பேசுகிறோம்.

3. மூன்று டன் இடிபாடு

வாட்ஸின் 107-ஆம் தெருவில் ஏற்கெனவே ஓர் அதிசயம் நின்றுகொண்டிருந்தது. இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் ரோடியா என்னும் கட்டடத் தொழிலாளி 1921 தொடங்கி 1954 வரை, வேலை முடிந்த நேரங்களில், தனியொருவராகக் கட்டிய கோபுரங்கள் அவை. இரும்புக் கம்பி, கம்பிவலை, சிமெண்டு. அதன் மேல் உடைந்த பீங்கான் ஓடு, பாட்டில் கண்ணாடி, கிளிஞ்சல். மிக உயர்ந்த கோபுரம் சுமார் 30 மீட்டர். ஆபத்தானது என்று நகராட்சி இடிக்க முற்பட்டபோது அதைக் காக்க ஒரு குழு திரண்டது. 1959-இல் 10,000 பவுண்டு விசை கொடுத்து இழுத்துச் சோதித்தார்கள். கோபுரம் அசையவில்லை. 1965 தீயிலும் அதற்கு ஒன்றும் நேரவில்லை.

அந்தக் கோபுரத்தின் நிழலில் 1964-இல் தொடங்கிய கலை மையத்தின் முதல் இயக்குநர் நோவா பியூரிஃபாய். 1917-இல் அலபாமாவின் ஸ்னோ ஹில்லில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர். 1948-இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து 1956-இல் பட்டம் பெற்றார். சமூகப் பணியாளராக இருந்தவர் கலைஞரானார் என்பதைக் கவனத்தில் வைக்க வேண்டும். கலையை அவர் கடைசிவரை சமூகப் பணியாளரின் கண்ணோடுதான் பார்த்தார்.

தீ அணைந்ததும் பியூரிஃபாயும் இசைக்கலைஞரான ஜட்சன் பவலும் மற்றவர்களும் எரிந்த தெருக்களில் இறங்கிப் பொறுக்கத் தொடங்கினார்கள். கருகிய கட்டை, நசுங்கிய தகரம், வளைந்த இரும்பு. கடைகளின் நியான் விளக்குப் பலகைகள் தீயில் உருகிச் சொட்டி, சாம்பலுக்குள் விதவிதமான நிறத்தில் கட்டி கட்டியாக உறைந்து கிடந்தன. மூன்று டன் சேர்ந்தது. எடுத்து வந்ததை என்ன செய்வதென்று முடிவு செய்யாமலேயே சேர்த்தார்கள். பிறகு வேறு சில கலைஞர்களையும் அழைத்துக்கொண்டு 66 படைப்புகளை உருவாக்கினார்கள். '66 நியான் அடையாளங்கள்' என்ற தலைப்பில் அவை 1966-இல் வாட்ஸிலேயே, மார்க்கம் என்ற நடுநிலைப் பள்ளியில், ரோடியாவின் நினைவாக நடந்த கலை விழாவில் வைக்கப்பட்டன.

ஓவியம், சிற்பம் என்று பிரித்துச் சொல்ல முடியாத, பல பொருள்களை ஒட்டியும் கட்டியும் ஆணியடித்தும் செய்யும் இந்த முறையை அசெம்பிளேஜ் என்கிறார்கள். ஐரோப்பியக் கலைஞர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பழைய பொருள்களைக் கலைக்குள் கொண்டுவந்திருந்தார்கள். வாட்ஸில் வேறுபட்டது எதுவென்றால், பொருளுக்கு ஒரு முகவரி இருந்தது. இந்தக் கட்டை இந்தத் தெருவின் இந்தக் கடையுடையது. அது எரிந்ததைப் பார்த்தவரே அதன் முன் வந்து நிற்கிறார். காட்சிக்கூடத்தை எட்டிப் பார்த்திராத மக்கள் தம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் தம் தெருவின் கரியைக் கண்டார்கள்.

இந்தப் படைப்புகளைத் தனித்தனிக் கலைப் பொருள்களாகப் பார்க்க வேண்டாம், மனிதர் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கான வழியாகப் பாருங்கள் என்பதே பியூரிஃபாயின் நிலைப்பாடு. கலைக்கு வெளியே ஒரு மாற்றத்தை உண்டாக்காவிட்டால் கலையால் பயனில்லை என்று அவர் கருதினார். கண்காட்சி 1969 வரை பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குப் பயணம் போனது. பயணத்தில் சில விற்றன, சில சிதைந்தன. இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில. குப்பையிலிருந்து எடுத்தவற்றில் பெரும்பகுதி மீண்டும் குப்பைக்கே போனது. கலிபோர்னியா ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கும் 'வாட்ஸ் கலவரம்' என்ற கருகிய மரப் படைப்பு அந்தக் காலத்தின் சாட்சியாக நிற்கிறது.

4. அடுப்படியிலிருந்து ஒரு துப்பாக்கி

ரோடியா கோபுரம் கட்டுவதைச் சிறுமியாக இருந்தபோது பார்த்தவர் பெட்டி சார். 1926-இல் பிறந்தவர். வாட்ஸில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம், ஒரு மனிதன் உடைந்த ஓடுகளைப் பதிப்பதைக் கண்டிருக்கிறார். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பின் அவர் பழைய பொருள் சந்தைகளில் தேடியது வேறு வகைப் பொருள்களை. வெள்ளையர் வீடுகளில் வேடிக்கைக்காக வைத்திருந்த, கறுப்பரைக் கேலி செய்யும் பொம்மைகள், உண்டியல்கள், விளம்பர அட்டைகள். இழிவுபடுத்தவே செய்யப்பட்ட பொருள்கள் அவை.

1972-இல் அவர் செய்த 'ஆண்ட் ஜெமைமாவின் விடுதலை' ஒரு சிறிய பெட்டி. ஆண்ட் ஜெமைமா என்பது பான்கேக் மாவு விற்ற நிறுவனத்தின் அடையாளச் சின்னம்: வெள்ளையர் வீட்டில் சமைத்துப் போட்டுச் சிரித்துக்கொண்டே இருக்கும் கறுப்புப் பணிப்பெண். அப்படியொரு பொம்மையின் ஒரு கையில் இருந்த துடைப்பத்தை அப்படியே விட்டுவிட்டு, மறு கையில் துப்பாக்கியைக் கொடுத்தார் சார். பின்னணியில் அதே விளம்பர முகம் வரிசை வரிசையாக. முன்னால் உயர்த்திய கறுப்பு முட்டி. கீழே பஞ்சு. கறுப்பினப் பெண்கள் இயக்கம் இந்தப் படைப்பிலிருந்தே தொடங்கியது என்று ஏஞ்சலா டேவிஸ் பிற்காலத்தில் குறிப்பிட்டார். அந்த வணிகச் சின்னத்தைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவிக்க 2020 வரை ஆனது.

இதே சார் 1975-இல் 'ஹேட்டிக்கான பதிவு' என்ற இன்னொரு பெட்டியைச் செய்தார். பாட்டி முறை உறவினரான ஹேட்டியின் மறைவுக்குப் பிறகு அவர் விட்டுச் சென்ற சிறு சிறு சாமான்களைச் சேர்த்துச் செய்தது. இதில் துப்பாக்கி கிடையாது. பெரிய நிகழ்ச்சி எதுவும் கிடையாது. எந்த வரலாற்று நூலிலும் பெயர் வராத ஒரு கறுப்பினப் பெண் வாழ்ந்தாள், இவையெல்லாம் அவள் தொட்டவை என்பது மட்டுமே அதன் செய்தி. நினைவுகூரப்பட வேண்டுமானால் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்ற நிலை நம் மக்களுக்கும் இருக்கிறது. இயல்பாக வாழ்ந்து இறந்த நம் அம்மாக்கள், அப்பாயிகள் எவர் நினைவிலும் பொதுவெளியில் நிற்பதில்லை. அந்தச் சிறு பெட்டி நமக்கு அதைச் சுட்டுகிறது.

ஜான் அவுட்டர்பிரிட்ஜ் என்ற மூன்றாமவரையும் சொல்ல வேண்டும். 1933-இல் வட கரோலினாவின் கிரீன்வில்லில் பிறந்தவர். அவருடைய தந்தை பழைய சாமான்களை ஏற்றியிறக்கிப் பிழைத்தவர். நம் ஊர் வழக்கில் காயலான் கடைத் தொழில். கழிவுப் பொருள் அவருக்குக் கலைக் கல்லூரியில் கற்ற உத்தியில்லை. வீட்டு முற்றத்தில் கிடந்தது. எதை எதோடு பொருத்தலாம், எது இன்னும் உழைக்கும் என்று தெரிந்த அந்த உழைப்பாளியின் அறிவையே அவர் கலைக்குக் கொண்டுவந்தார். 1975 முதல் 1992 வரை வாட்ஸ் கலை மையத்தை நடத்தியவரும் அவரே.

5. பாலைவனத்தில் இரண்டு குழாய்கள்

பியூரிஃபாய் எழுபதுகளில் கலையை ஒதுக்கிவைத்துவிட்டு மனநல மையத்தில் சமூகப் பணிக்குத் திரும்பினார். பிறகு பத்தாண்டுக்கும் மேல் கலிபோர்னியா கலை மன்றத்தில் பணியாற்றினார். 1989-இல், எழுபது வயதைக் கடந்தபின், ஜோஷுவா ட்ரீ பாலைவனத்துக்குக் குடிபோனார். 2004-இல் இறக்கும்வரை சுமார் பத்து ஏக்கர் மணற்பரப்பில் பழைய டயர், கழிப்பறைப் பீங்கான், உடைந்த கணினி, தகரம், மரம் ஆகியவற்றால் பெரும் படைப்புகளைக் கட்டி வெயிலிலும் காற்றிலும் விட்டார். அவை சிதைவதும் படைப்பின் பகுதியே என்றார்.

அங்கே ஒரு படைப்பு. 'வெள்ளையர்' என்று எழுதிய பக்கத்தில் குடிநீர்க் குழாய். 'நிறத்தவர்' என்று எழுதிய பக்கத்தில் கழிப்பறைப் பீங்கான். அவ்வளவுதான். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைப் பார்த்தவருக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. 2015-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் பெரிய அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைத் திரட்டிப் பெருங்கண்காட்சி வைத்தது. அவர் இறந்து பதினொரு ஆண்டுக்குப் பின்.

6. நம் சாம்பல் எங்கே?

கறுப்பர் வரலாற்றோடு நமக்குள்ள உறவு இரவல் உறவன்று. 1946-இல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். டுபாய்ஸ் பதில் எழுதினார். 1966-இல் ஓக்லாந்தில் தோன்றிய கருஞ்சிறுத்தைகள் கட்சியின் பெயரிலிருந்தே 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்தார்கள். அரசியலை எடுத்துக்கொண்டோம், கவிதையை எடுத்துக்கொண்டோம். பொருளைச் சேகரிக்கும் பழக்கத்தை எடுத்துக்கொண்டோமா?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். குற்றம்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். காவல்துறையே ஊருக்குள் புகுந்து, வெளிநாட்டில் உழைத்து வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி முதல் சோற்றுப் பானை வரை உடைத்தது. 2012 நவம்பர் 7, தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. கொடியங்குளத்திலும் தருமபுரியிலும் குறிவைக்கப்பட்டவை பொருள்கள். பீரோ, இருசக்கர வண்டி, பிள்ளைகளின் சான்றிதழ். உடைந்த கலத்தில் உண்ண வேண்டியவன் எவர்சில்வர் தட்டில் உண்கிறான் என்ற எரிச்சல் அந்தத் தீயில் இருந்தது. மனுவின் பத்தாம் அத்தியாயத்தை மீண்டும் அமல்படுத்தும் முயற்சி என்றே அதைப் படிக்க வேண்டும்.

அங்கே உருகிய பாத்திரங்களில் எத்தனை இன்று நம் கையில் இருக்கின்றன? பாதி எரிந்த மதிப்பெண் பட்டியல் எத்தனை? நிவாரணம் வரும், புது வீடு வரும், பழையதை அள்ளி அப்புறப்படுத்துவார்கள். இழப்பு ரூபாயாக மாறிக் கோப்புக்குள் போய்விடும். உண்மை அறியும் குழுவின் அறிக்கை மிஞ்சும். அறிக்கை வேண்டும். ஆனால் ஒரு சிறுமியின் கருகிய பள்ளிப் பை சொல்வதை அறிக்கையால் சொல்ல முடியாது.

கழிவிலிருந்து கலை செய்யும் திறனை நாம் வாட்ஸில் கற்க வேண்டியதும் இல்லை. ஊர் தூக்கிப் போடச் சொன்ன செத்த மாட்டின் தோலிலிருந்து பறையைச் செய்தவர்கள் நாம். அதைச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்துப் போராடியதும் நாமே. அதைப் போராட்ட மேடைக்கு ஏற்றியதும் நாமே. இந்த மறுப்பு முக்கியமானது. தூக்கவும் அடிக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டவரை அது இழிதொழில். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை வென்றெடுத்த பின்பே அது நம் கலையாயிற்று. குப்பைக் கலை என்ற பெயரில் சேரியையும் துப்புரவுப் பணியையும் அழகாக்கிக் காட்டும் கண்காட்சிகளுக்கு நாம் வைக்க வேண்டிய அளவுகோலும் இதுதான். அள்ளியவர் யார்? பெயர் போட்டுக்கொண்டவர் யார்? அந்தப் பொருளைத் தொட மறுக்கும் உரிமை அள்ளியவருக்கு இருந்ததா?

7. செய்ய வேண்டியவை

மாணவத் தோழர்களிடம் மூன்று வேலைகளை வைக்கிறோம். ஒன்று, வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியப் போகும்போது, வழக்குக்கான சான்றுகளைக் கலைத்துவிடாமல், மக்களின் ஒப்புதலோடு, எரிந்த, உடைந்த பொருள்களைக் கேட்டு வாங்கிவைக்க வேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் வீடு, அது எப்படி அந்த வீட்டுக்கு வந்தது என்பதை எழுதி அதோடு கட்டிவைக்க வேண்டும். தர விரும்பாதவரிடம் கேட்கக் கூடாது. இழந்தவருக்கு மறக்கவும் உரிமை உண்டு.

இரண்டு, வன்முறை நடக்காத வீடுகளிலும் சேகரிக்க வேண்டும். தேநீர்க் கடையின் தனிக் குவளை, தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சி, தேய்ந்த கருக்கரிவாள், முதல் தலைமுறைப் பட்டதாரியின் தகரப் பெட்டி, பாட்டியின் சுருக்குப் பை. அவை ஹேட்டியின் பெட்டிக்கு நிகரானவை.

மூன்று, சேர்த்ததை முதலில் நகரத்துக் கூடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்தந்தச் சேரியின் பள்ளியிலோ இரவுப் பாடசாலையிலோ சமுதாயக் கூடத்திலோ வைக்க வேண்டும். ஓவியம் தெரிந்தவர், கொத்து வேலை தெரிந்தவர், பறை கட்டத் தெரிந்தவர் எல்லோரும் சேர்ந்து அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கட்டும்.

வாட்ஸ் தோழர்கள் மூன்று டன் சேர்த்தார்கள். பெரும்பகுதியை இழந்தார்கள். அவர்கள் செய்ததிலிருந்தும் இழந்ததிலிருந்தும் கற்போம். நமக்கு முதலில் தேவை பூட்டும் சாவியும் உள்ள ஓர் அறை, ஒரு பதிவேடு, அதைத் தொடர்ந்து எழுத இரண்டு பேர். அடுத்த நினைவுக் கூட்டத்துக்கு நீங்கள் வரும்போது கட்டுரையோடு ஒரு பொருளையும் கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.